உப்பில்லாத மோர்ச்சோறு

1

இந்த ஊரில் ஃபிரிஜ்ஜைத் திறந்தால் முழுக்கப் பாலும் தயிரும்தான். நெதர்லாந்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது, காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் பக்கம் பட்டுப்புடவைக் கடை இருக்கிறது என்று சொல்வது மாதிரி. வாசல்நிலை உயரம் வளர்ந்த ஆண்பிள்ளைகள் மத்தியானம் ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஜில்லென்று ஒரு டம்ளர் பச்சைப்பாலைக் குடிப்பார்கள். வந்த புதிதில் அதைப் பார்த்து எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மோரும் உண்டு. கார்நெமெல்க் என்று அட்டைப்பெட்டியில் விற்பார்கள். கெட்டியாக, கொழகொழவென்று இருக்கும். இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றி ஆற்றினால்தான் நம் வாய்க்கு மோர் என்று சொல்ல வரும்.

போன வாரம் என் மகன் ஆதிக்குச் சளி. மூக்கு ஒழுகுகிறது, இருமல் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறது, துரை ஃபிரிஜ் எதிரில் நின்றுகொண்டு தயிரைப் பெட்டியோடு கரண்டி போட்டுத் தின்கிறான்.

"டேய், சளிய வெச்சிக்கினு தயிர் துன்றியே, அறிவு இருக்குதா உனக்கு?"

"அம்மா, சளி வைரஸ்லேர்ந்து வருது. தயிர்லேர்ந்து வரல." தமிழில் இவ்வளவு நீளமாக அவன் பேசியதே அதிசயம். மிச்சத்தை டச்சில் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டான்.

டாக்டர் கிளினிக்குக்கு ஃபோன் போட்டேன். இங்கே டாக்டரை நேரில் பார்ப்பதற்கு முன்னால் உதவியாளர் என்ற சாமியைத் தாண்ட வேண்டும். பாட்டைக் கேட்டுக்கொண்டே வரிசையில் காத்திருந்து, அந்தம்மா எடுத்து, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று விசாரித்து, பாராசிட்டமால் கொடுங்கள், பிடித்ததைச் சாப்பிடட்டும், தயிர் நல்லதுதான் என்றார். நன்றி சொல்லி வைத்தேன். முன்பெல்லாம் வாதாடுவேன். ஒருமுறை என் டச்சில், குழந்தைக்கு உடம்பு சூடு, மோர் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டேன். காதில் காய்ச்சல் மெஷினை வைத்துப் பார்த்து, சூடே இல்லையே அம்மா என்று அனுப்பிவிட்டார்கள். நம் சூடு வேறு, அவர்கள் சூடு வேறு. அதை எந்த மொழியில் சொல்லிப் புரியவைப்பது?

எங்கள் வீட்டில் இதெல்லாம் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. காய்ச்சலா, பால் கூடாது, மந்தம். சளி இருமலா, தயிர்ப் பக்கமே போகாதே, கோழை கட்டும். வயிற்றுப்போக்கா, நீர்மோர். அம்மை கண்டால் மோர், இளநீர், குளிர்ந்த கூழ். பிள்ளை பெற்றவளுக்குத் தயிர் கிடையாது. மீன் தின்ற வாயில் பால் கிடையாது. பொழுது சாய்ந்தால் நோயில்லாதவனுக்குக்கூடத் தயிர் கிடையாது. மஞ்சள்காமாலை வந்தால் மட்டும் மோர்தான் எல்லாம்: மோரில் மருந்து, மோரில் சோறு. உப்பு, புளி, எண்ணெய் மூன்றும் ஆகாது. இதில் எது மெய், எது வெறும் பழக்கம் என்று இங்கே வந்து எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். ஆனாலும் கை மட்டும் அந்தப் பழக்கத்திலேயே போகிறது.

அன்றைக்கு நான் ஆதியைப் போட்டுக் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஒரு கரண்டித் தயிருக்கு அவ்வளவு கத்தல் அதிகம். எனக்கே தெரியும். என் வயிற்றெரிச்சல் அவன்மேல் இல்லை. என் அண்ணன் செத்து ஒரு வருஷம் ஆகிறது. அந்தத் திதிக்கு ஊருக்கு ஃபோன் போட்டதில்தான் எல்லாம் வெளியே வந்தது. எங்கேயாவது கொட்டியாக வேண்டும், இங்கே கொட்டுகிறேன்.

2

அண்ணன் பேர் ஏழுமலை. பெரிய காஞ்சிபுரத்தில் டூவீலர் மெக்கானிக் கடை. அப்பா சீக்கிரமே போய்விட்டதால் என்னைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவன்தான். எங்கள் தாத்தா அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். அந்த வீட்டுப் பெண் விமானம் ஏறியபோது அண்ணன் கடைக்கு லீவு விட்டுவிட்டு, வந்தவன் போனவனுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தானாம்.

அவன் உப்புக்குப் பிறந்தவன். கொய்யாவுக்கு உப்பு, மாங்காய்க்கு உப்பு, தர்பூசணிக்கும் உப்பு. குழம்பில் போட்டது போதாதென்று தட்டு ஓரத்தில் கல்லுப்பைக் குவித்து வைத்துக்கொண்டுதான் உட்காருவான். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்றால் கடையைப் பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவான். அண்ணி தேவி, "இந்தாளுக்கு என்மேல பிரியமா, கருவாட்டுமேல பிரியமான்னே எனக்கு இன்னும் தெரியலமா" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

போன வருஷம் அவனுக்குக் கண் மஞ்சளானது. எங்கள் ஆட்கள் செய்வதை அவனும் செய்தான். திருப்புட்குழிப் பக்கம் காமாலைக்கு மருந்து கொடுக்கும் ஒருவரிடம் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு போனான். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார்கள். பத்தியம் சொல்லி அனுப்பினார்கள். நான் வீடியோவில் கூப்பிட்டபோது அண்ணன் பத்தியத்தைக் கிண்டல் செய்துகொண்டிருந்தான்.

எங்கள் தெருவில் ஒருத்தர் காமாலை இறங்குகிறது என்று ஆசைப்பட்டுப் பிரியாணி தின்று, மறுபடி ஏறி, போய்ச் சேர்ந்தவர். அந்த வீட்டு அழுகையைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அதனால் விடவில்லை.

"அண்ணா, உன்ன நான் நம்ப மாட்டேன். என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

"நீ எந்த தேசத்துலயோ இருக்குற. உன் தலைக்கு நான் எங்கமா போவேன்?"

"ஃபோன் மேல கைய வை."

அவன் சிரித்தான். பிறகு உள்ளங்கையை அப்படியே திரைமேல் வைத்தான். என் பக்கம் எல்லாம் இருட்டானது.

"சத்தியம்மா. நீ சொல்ற வரைக்கும் உப்பத் தொட மாட்டேன். போதுமா?"

எங்கள் பக்கம் இது விளையாட்டுப் பேச்சில்லை. ஒருத்தர் தலைமேல் சத்தியம் பண்ணி மீறினால், அது அந்தத் தலைக்குத்தான் ஆகாது. வாங்கினவர் வாயால் விட்டுக்கொடுத்தால்தான் அது தீரும். அண்ணன் கோர்ட்டில் பொய் சாட்சிகூடச் சொல்லியிருப்பான், இதை மீறமாட்டான். அது தெரிந்துதானே வாங்கினேன்.

3

அதற்கப்புறம் தினமும் நான் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு அங்கே ராத்திரிச் சாப்பாடு. வீடியோவைத் திறந்ததும் முதலில் தெரிவது தட்டுதான். வெள்ளை வெளேரென்று மோர்ச்சோறு. பக்கத்தில் ஊறுகாய் இல்லை, அப்பளம் இல்லை. "பாத்துக்கோ இன்ஸ்பெக்டரம்மா" என்று அண்ணன் தட்டைச் சாய்த்துக் காட்டுவான். எனக்கு மனசு ஆறும். பத்தியம் ஒழுங்காக இருக்கிறது என்றால் உடம்பு தேறுகிறது என்று அர்த்தம். எங்கள் கணக்கு அதுதான்.

இளைத்துக்கொண்டே போனான். கேட்டால் அண்ணி, "காமால வந்தா இளைக்காதா? உப்பில்லாம துன்னா ஒடம்பு எங்கேர்ந்து வரும்?" என்பார். நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பெயர் சேகர். நிதானமான மனிதர், குரல் உயர்த்தத் தெரியாதவர். அப்போது என்னுடைய குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதுசுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தோம்.

"இப்ப வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது வசந்தி. கார்டு வந்துரட்டும். காமாலதானே, அண்ணன் எங்க போயிடப் போறாரு?"

நானும் காமாலைதானே என்று இருந்தேன்.

எனக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சமையல்கட்டில். ஒவ்வொருவருக்கும் என்ன ஆகும், என்ன ஆகாது என்று ஓர் அட்டை இருக்கும். சர்க்கரைக்காரர், உப்புக் கூடாதவர், பால் ஒத்துக்கொள்ளாதவர் என்று. ஹென்க் என்று ஒரு தாத்தா. சர்க்கரை வியாதி. ஃப்ளா என்கிற பால் கூழ்மேல் அவருக்கு உயிர். தினமும் கேட்பார், தினமும் கிடையாது என்போம். ஒரு நாள் நர்ஸ் வந்து அவர் அட்டையை எடுத்துவிட்டு, இனிமேல் அவருக்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று சொன்னாள். சந்தோஷமாகக் கொண்டுபோய் ஊட்டினேன். வெளியே வந்த பிறகுதான் கூட வேலை செய்யும் பெண் அதன் அர்த்தத்தைச் சொன்னாள். இனிக் காப்பாற்ற எதுவும் இல்லை என்னும்போதுதான் கட்டுப்பாட்டை எடுப்பார்களாம். நம் ஊரிலும் அப்படித்தானே, கேட்டதைக் கொடுங்க என்று டாக்டர் சொல்லிவிட்டால் வீட்டில் அழுகை ஆரம்பமாகிவிடும். அந்தத் தாத்தா அவ்வளவு ருசித்துச் சாப்பிட்டார். வாயோரம் வழிந்ததை நான்தான் துடைத்துவிட்டேன்.

அந்த வாரம்தான் அண்ணன் கேட்டான். சோபாவில் நான், பக்கத்தில் என் வீட்டுக்காரர். திரையில் அண்ணன், பின்னால் அண்ணி.

"வசந்தி, ஒரே ஒரு நாள் உத்தரவு குடேன். கருவாட்டுக் கொழம்பு வாசன பக்கத்து வூட்டுலேர்ந்து வந்துக்கினே இருக்குது. நாக்கு செத்துப்போச்சுமா."

"கொன்னுடுவேன் உன்னை. இவ்ளோ நாள் இருந்துட்டு இப்ப கெடுத்துக்காதே. இன்னும் கொஞ்ச நாள்தான்."

"ஆமாமா," என்றான். "இன்னும் கொஞ்ச நாள்தான்."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறார் போல என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

4

அவன் போய்விட்டான் என்று ஒரு மத்தியானம் ஃபோன் வந்தது. காமாலையில் எப்படிச் சாவான், பத்தியம் ஒழுங்காகத்தானே இருந்தான் என்று பைத்தியம் மாதிரி அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். காமாலை இல்லையாம். கணையத்தில் புற்று. அது அடைத்ததில்தான் கண் மஞ்சளானதாம். திருப்புட்குழிக்காரர்கூட, என் மருந்துக்கு இது அடங்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுங்கள் என்று அனுப்பிவிட்டாராம். ஸ்கேனில் எல்லாம் தெரிந்துவிட்டது. அண்ணனுக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், அவர்கள் மகள் பவித்ராவுக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

"நீ தாங்க மாட்டேன்னுதான். எல்லாத்தையும் வுட்டுட்டுக் கெளம்பிடுவே. இத்தன வருஷக் கஷ்டம் வீணாப் போயிடும்."

மறுநாள் காலையில் குடியேற்ற அலுவலகத்துக்கு ஓடினோம். கவுன்டரில் இருந்த பையன் என் பாஸ்போர்ட்டில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தான். இது இருந்தால் போய்விட்டுத் திரும்ப வரலாம் என்றான். இது முன்பே கிடைத்திருக்குமா என்று கேட்டேன். கிடைக்கும், அவசரம் என்று சொன்னால் அன்றைக்கே ஒட்டுவோமே என்றான். நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நிஜமாகவே தெரியாதா, கேட்டுப் பார்க்கவே இல்லையா என்று நான் கேட்கவில்லை. விமானத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

எனக்காக ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள்; முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணியைக் கட்டிக்கொண்டு கேட்டேன். "கடைசியிலயாவது ஆசப்பட்டதத் துன்னானா அண்ணி?"

"எல்லாம் துன்னாருமா. கேட்டதெல்லாம் செஞ்சு போட்டேன்," என்றார் அண்ணி.

ஒரு வருஷம் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் சமையல் செய்தேன், வேலைக்குப் போனேன், இந்த மனிதரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மறைத்தார்கள் சரி, என் நல்லதுக்கு என்று வைத்துக்கொள்வோம், அவன் வயிறாவது நிறைந்ததே என்று. கேமராவுக்கு மோர்ச்சோறு, அப்புறம் கருவாட்டுக் குழம்பு என்று மனசுக்குள் ஒரு படம் போட்டு வைத்திருந்தேன். அந்தப் படத்தில் அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

5

திதிக்கு என்ன படைப்பது என்று போன வாரம் அண்ணிக்கு ஃபோன் போட்டேன். புதுத் துணி, பலகாரம், அவனுக்குப் பிடித்த கருவாடு, மீன் என்று அண்ணி சொல்லிக்கொண்டே வந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"கொஞ்சம் மோர்ச்சோறும் வெய்யுங்க அண்ணி. கடசி கடசியா நான் பாக்க அவன் துன்னது அதானே."

அண்ணி கத்தினார். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை.

"அந்தப் பேச்சே எடுக்காதே! இந்த வூட்டுல மோர்ச்சோறு பண்ணி ஒரு வருசமாச்சு. அதப் பாத்தாலே எனக்குப் பத்திக்கினு வருது."

"ஏன் அண்ணி?"

"ஏனா? இன்னும் எத்தினி நாளைக்கு நானே சொமக்குறது? உங்கண்ணன் கடசி வரைக்கும் அதத்தான் துன்னாரு. அத மட்டுந்தான் துன்னாரு. டாக்டர் எல்லாம் துன்னலாம்னாரு. மருந்து குடுத்தவரு பத்தியமே வேணாம்னாரு. நான் கருவாட்டுக் கொழம்பு வெச்சு எடுத்துக்கினு போனா, வாசன புடிச்சிட்டு, 'வசந்தி தலமேல சத்தியம் பண்ணியிருக்கேன் தேவி, அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?'ன்னு தள்ளி வெச்சுடுவாரு. கால்ல வுழுந்து கேட்டேன். துன்னலியே."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?"

"சொல்லத்தான் பாத்தேன். உங்கண்ணன், அவ புள்ளகுட்டியோட அங்க நிம்மதியா இருக்கட்டும்னாரு. அதையும் மீறி உன் வூட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். நோய சொல்ல வேணாம், சத்தியத்த மட்டுமாவது வாபஸ் வாங்கச் சொல்லுங்கன்னு அழுதேன். பத்தியத்த வுட்டாச்சுன்னு தெரிஞ்சா அவ கண்டுபுடிச்சிடுவா, கார்டு வர்ற வரைக்கும் பொறுத்துக்குங்கன்னாரு. மோர்ச்சோத்துத் தட்டத் தெனமும் காட்டச் சொன்னதே அவருதான். அவ வார்த்தைய நம்ப மாட்டா, தட்டப் பாத்தாதான் நம்புவான்னாரு."

பிறகு அண்ணி அழுதார். "துன்னாருன்னு உன்கிட்டச் சொல்லச் சொன்னதும் உங்கண்ணன்தான். எனக்கு இனிமே பொய் சொல்ல முடியலமா, மன்னிச்சுக்கோ" என்றார். நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

யாரோ ஒரு ஹென்க் தாத்தாவுக்கு நான் ஊட்டினேன், வாய் துடைத்தேன். என் கூடப் பிறந்தவன் ஒரு கல் உப்புக்கு என்னிடம் உத்தரவு கேட்டான், கொன்னுடுவேன் என்றேன். என்னை அந்த இடத்தில் காவலுக்கு நிறுத்தியது யார்? எனக்கு எது தெரியும், எதை நம்புவேன், எதைப் பார்த்தால் மனசு ஆறும் என்று என் கூடவே படுத்து எழுந்து தெரிந்துகொண்ட மனிதர். அத்தனையையும் எனக்கு எதிராகவே பயன்படுத்திவிட்டார். எவனோ செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போகலாம். இவருக்கு நான் காபி போட்டுக் கொடுக்க வேண்டும்.

6

அன்று அவர் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணி ஃபோன் பண்ணி அழுதாங்களா இல்லையா?"

அவர் மறைக்கவில்லை. உட்கார்ந்தார். "அழுதாங்க" என்றார்.

"அவன் என்கிட்ட உத்தரவு கேட்டப்ப என் பக்கத்துலதானே இருந்தீங்க? கேட்டுக்கினுதானே இருந்தீங்க?"

"கேட்டேன். என்ன செய்யச் சொல்ற வசந்தி? ஒண்ணச் சொன்னா எல்லாத்தையும் சொல்லணும். நீ அன்னிக்கே பெட்டியக் கட்டியிருப்ப. திரும்பி வர முடியாமப் போயிருந்தா? ஆதிய நெனச்சுப் பாரு. அவன் ஸ்கூல், நம்ம வூடு... உனக்காகத்தான் செஞ்சேன். கடைசில கார்டு வந்துச்சா இல்லையா?"

வந்தது. அண்ணன் காரியம் முடிந்து நான் திரும்பி வந்த வாரமே வந்தது. என் முகம், என் பெயர், என் கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. இப்போதும் கைப்பையில் இருக்கிறது.

ஆதி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் பேசிய வேகத்துக்கு அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ. மாமா பற்றியா என்று டச்சில் கேட்டான். ஆமாம் என்று நானும் டச்சிலேயே சொன்னேன். இங்கே வந்ததிலிருந்து நான் பேசிய டச்சிலேயே பிழையில்லாத வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

அவர் மறுபடியும் ஆரம்பித்தார். விசா, விமானம், திரும்பி வருவதில் இருக்கும் சிக்கல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் ஏற்கெனவே யோசித்துத் தயாராக வைத்திருந்த பதில்கள்.

"நான் போகவே வேணாம்ங்க," என்றேன். "இதே சோபாவுல உக்காந்துக்கினு, 'துன்னு அண்ணா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பேன். அதுக்கு எந்த நாட்டுக் கார்டுங்க வேணும்?"

அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.